தீர்ப்புக்குப் பிறகும் கேட்கலாம்: குழந்தையின் பொறுப்பும் பராமரிப்புத் தொகையும்

விவாகரத்து ஆனபோது பிள்ளைக்கு மூன்று வயது. பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா மாதம் 3,000 ரூபாய் தரட்டும், இரண்டாவது ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு. பள்ளிக் கட்டணம், டியூஷன், வேன் கட்டணம் எல்லாம் ஏறிவிட்டன. அப்பா வேலை பார்த்த பட்டாசு ஆலை பூட்டிக் கிடக்கிறது. அம்மாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய உத்தரவு மட்டும் அன்று எழுதியபடியே இருக்கிறது.

இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தீர்ப்பு ஆகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். நமக்குள் பேசிக்கொண்டால் போதாதா என்று வேறு சிலர் தொகையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள், அல்லது பிள்ளையைக் காட்ட மறுக்கிறார்கள். இரண்டுமே பிள்ளைக்குக் கேடு. குழந்தை தொடர்பான எந்த உத்தரவையும், சூழல் மாறினால், மாற்றித்தரும்படி கேட்கலாம். ஆனால் அதை நீதிமன்றம்தான் மாற்ற வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் மனதில் இருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஏன் மாற்ற முடியும்?

சொத்து வழக்கில் வந்த இறுதித் தீர்ப்பை அவ்வளவு எளிதில் திறக்க முடியாது. குழந்தை வழக்கு அந்த வகையைச் சேர்ந்ததில்லை. இதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்புகளில் முதன்மையானது சென்னையிலிருந்து போன வழக்கில் வந்தது. ரோசி ஜேக்கப் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். யாரிடம் யார் இருப்பது என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்து, 1973-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் அன்றைய சூழலை வைத்துப் போடப்படுபவை, ஆகவே இயல்பிலேயே தற்காலிகமானவை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருவரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கும் இதே விதிதான். 2010-இல் விக்ரம் வீர் வோரா வழக்கில், வேலைக்காக ஆஸ்திரேலியா போகும் தாயுடன் மகனும் போக உச்ச நீதிமன்றம் இசைந்தது. "அன்று ஒப்புக்கொண்டோமே" என்ற வாதத்தைவிடக் குழந்தையின் இன்றைய நலமே பெரிது என்பது அதன் சாரம்.

எந்த மனு, எங்கே?

முதலில் உங்களிடம் உள்ள உத்தரவின் நகலை எடுத்துப் பாருங்கள். அது எந்தச் சட்டத்தின்கீழ் போடப்பட்டது என்பதைப் பொறுத்தே அடுத்த வழி அமையும்.

விவாகரத்துத் தீர்ப்பிலேயே குழந்தையின் பொறுப்பும் செலவும் சொல்லப்பட்டிருந்தால், இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பொருந்தும். தீர்ப்புக்குப் பிறகும் அவ்வப்போது அந்த ஏற்பாட்டை மாற்றவும் நிறுத்திவைக்கவும் நீக்கவும் அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தீர்ப்புத் தந்த நீதிமன்றத்திலேயே மனு போடலாம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு.

விவாகரத்து வழக்கோடு சேராமல் குழந்தையின் பொறுப்பைத் தனியாகக் கேட்பதென்றால், எல்லா மதத்தினரும் 1890-ஆம் ஆண்டு காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டத்தின்படி மனு போடலாம். குழந்தை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த ஊருக்கான நீதிமன்றத்தில்தான் இதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

"எம்.சி." என்று எண்ணிட்ட பராமரிப்பு வழக்கில் மாதத் தொகை நிர்ணயிக்கப்பட்டிருந்தால், அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. இப்போது பராமரிப்பு கேட்பதற்கு 144-ஆம் பிரிவு, தொகையைக் கூட்டவோ குறைக்கவோ 146-ஆம் பிரிவு. இது எல்லா மதத்தினருக்கும் பொது.

சிவகாசிப் பகுதி அடங்கிய விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். குடும்ப நீதிமன்றமும் அங்கேதான். அங்கு வந்த இறுதி உத்தரவில் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுக வேண்டும். உத்தரவு தவறு என்று சொல்வது மேல்முறையீடு. உத்தரவு அன்றைக்குச் சரி, இன்றைக்குப் பொருந்தவில்லை என்று சொல்வது மாற்ற மனு. மாற்ற மனுவுக்கு இந்த 30 நாள் கெடு கிடையாது.

"சூழல் மாற்றம்" என்றால் என்ன?

மனுவின் உயிர் இந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. உத்தரவு போட்ட நாளில் இல்லாத, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கும் மாற்றம் ஒன்று நடந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும்.

பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அரசு ஊழியருக்கு மாதச் சம்பளம் ஒரே அளவாக வரும். பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்படி வருவதில்லை. எத்தனை உருப்படி செய்தோமோ அத்தனைக்குக் கூலி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கை நிறைய வேலை, கூடவே போனஸ். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் கொஞ்ச காலம் ஓய்ந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க வெயில் இல்லாமல் வேலை நின்றுபோகும். புரட்டாசியில் வாங்கும் கூலியை மட்டும் பார்த்து மாதத் தொகை நிர்ணயித்தால் அப்பாவால் கட்ட முடியாது. கார்த்திகையில் கையிலிருப்பதை மட்டும் காட்டினால் பிள்ளைக்குப் பால் வாங்கவும் காணாது. ஆகவே யார் மனு போட்டாலும் பன்னிரண்டு மாத வருமானத்தைக் கணக்கிட்டுச் சராசரியைச் சொல்வதுதான் நேர்மையான வழி. இருவரும் ஒத்துக்கொண்டால், மாதாமாதம் ஒரு தொகை, அதோடு ஜூனில் பள்ளி திறக்கும்போதும் தீபாவளி போனஸ் வரும்போதும் கூடுதலாக ஒரு தொகை என்று எழுதி நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெறலாம்.

ஆண்டுதோறும் வரும் இந்த ஓய்வு எதிர்பார்த்ததே. அதை மட்டும் காட்டி, தொகையைக் குறையுங்கள் என்று கேட்டால் நிற்பது கடினம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அது வேறு. அப்படி ஒரு முடக்கம் வந்து வருமானம் அடியோடு போனால் அது மெய்யான சூழல் மாற்றம். வெடி விபத்தில் கை, கண், தோல் பாதிக்கப்பட்டு வேலை செய்ய முடியாமல் போவதும் அப்படித்தான். ஆலை உரிமம் ரத்தாகி வேலை போவதையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

பிள்ளையின் பக்கம் நடக்கும் மாற்றங்களும் அதே எடை உள்ளவை. அங்கன்வாடியிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து பாலிடெக்னிக்குக்கு என்று படிப்பு மாறும். தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய் வரலாம். விலைவாசி ஏறும். கொடுப்பவரின் வருமானம் கூடும். கூலியாக இருந்தவர் போர்மேன் ஆனாலோ, சொந்தமாகப் பட்டாசுக் கடை வைத்தாலோ, வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனாலோ, கூட்டித்தரும்படி கேட்கத் தாராளமாக வழி உண்டு.

வேண்டுமென்றே வேலையை விட்டுவிட்டு, என்னிடம் வருமானம் இல்லை என்று சொல்வதை நீதிமன்றம் ஏற்காது. உடல் திடமாக இருப்பவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் அஞ்சு கர்க் வழக்கிலும் சொல்லியிருக்கிறது.

கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

2020 நவம்பர் 4 அன்று ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்குமான நெறிகளை வகுத்தது. பராமரிப்பு வழக்கில் இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் தினக்கூலிகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. மனு போட்ட நாளிலிருந்தே பராமரிப்புத் தொகையைக் கணக்கிட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதனால் மனுவைத் தள்ளிப்போட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

விலக்கு இருந்தாலும், கூலி வேலை செய்பவர் தன் நிலையைக் காட்ட ஏதாவது ஆதாரம் வைத்திருப்பது நல்லது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, இ.எஸ்.ஐ. பதிவு, வங்கிப் பாஸ்புத்தகம், ஆலையின் சம்பளச் சீட்டு, ஜிபே வழியாக வந்த கூலி விவரம் எல்லாம் உதவும். முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு, எப்படிக் கழிகிறது என்று எழுதிவையுங்கள். விபத்தில் காயமடைந்தவருக்கு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டும் உடல் ஊனச் சான்றிதழும் அவசியம். பிள்ளையை வைத்திருப்பவர் பள்ளிக் கட்டண ரசீது, வேன் ரசீது, மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் சேர்த்துவைக்க வேண்டும். கடைசியாக வந்த உத்தரவின் சான்றிட்ட நகல் இல்லாமல் எதுவும் நகராது.

பிள்ளை யாரிடம் இருப்பது?

தொகையை மாற்றுவதைவிட, பிள்ளையின் பொறுப்பை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுவது கடினம். அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒரு வீட்டில், ஒரு பள்ளியில், ஒரு தெருவில் பழகிவிட்ட பிள்ளையைப் பெயர்த்து நடுவதற்கு வலுவான காரணம் தேவை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின்படி ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும். ஐந்து வயது ஆன மறுநாளே தந்தையிடம் போக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த வயதிலும் குழந்தையின் நலமே முதன்மை என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் நீதிபதி தன் அறையில் தனியாக அழைத்துப் பேசி விருப்பத்தைக் கேட்பார். அந்த விருப்பம் கணக்கில் வரும், ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது.

பணம் அதிகம் வைத்திருப்பவரிடம் பிள்ளை போய்விடும் என்ற பயம் தாய்மார்கள் பலருக்கு இருக்கிறது. வசதி குறைவு என்பது பிள்ளையைப் பறிப்பதற்குத் தனியே காரணமாகாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பராமரிப்புத் தொகை இருக்கிறது. அடி உதை, குடி, பள்ளியை நிறுத்துவது, கவனிப்பில்லாமல் விடுவது, பாலியல் தொந்தரவு ஆகியவை மாற்றத்துக்கு வலுவான காரணங்கள்.

சிவகாசிப் பகுதியில் இந்தப் பட்டியலோடு ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது குழந்தையை வேலைக்கு அனுப்புவது. இந்த ஊரின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் உழைத்ததைப் பற்றிய எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற வழக்கில்தான் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதியில் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது பொதுவாகக் குற்றம். 14 முதல் 18 வயது வரை ஆபத்தான தொழிலில் வைப்பதும் குற்றம். பிள்ளையின் பொறுப்பை வைத்திருப்பவர் படிப்பை நிறுத்திவிட்டு வெடி வேலைக்கு அனுப்பினால், மற்றவர் அன்றே நீதிமன்றத்தை நாடலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

ஊர் மாறிப் போவதாக இருந்தால் போவதற்கு முன்பே மனு போடுங்கள். பார்க்க வரும் நாட்களை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று மனுவிலேயே யோசனை சொல்லுங்கள். மாதம் இரண்டு ஞாயிறு என்பதைக் கோடை விடுமுறையில் மூன்று வாரம் என்று மாற்றலாம். தொலைவில் இருக்கும் பெற்றோருக்குத் தினமும் ஐந்து, பத்து நிமிடம் பிள்ளையுடன் பேச உரிமை உண்டு என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடியோ அழைப்புக்கு நேரம் குறித்து உத்தரவு கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

வைத்திருந்தவர் இறந்துவிட்டால்

இதை எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் இந்த மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை விபத்துகளில் மடிந்தவர்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாகவும் தந்தையாகவும் இருந்தவர்கள். விவாகரத்துக்குப் பிறகு பிள்ளையை வளர்த்துவந்த தாய் இறந்துபோனால், பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். தந்தை வந்து கேட்பார். யாரிடம் விடுவது?

இயற்கைக் காப்பாளர் என்ற முறையில் தந்தைக்கு உரிமை உண்டு, ஆனால் அது தானாக வெல்லும் உரிமை இல்லை. 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், தாயின் மரணம் தொடர்பாகத் தந்தைமீது குற்ற வழக்கு இருந்தது. பிள்ளையும் தாத்தா பாட்டியோடு இருக்க விரும்பினான். உச்ச நீதிமன்றம் அவர்களிடமே விட்டது. 2019-இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், தாய் நோயால் இறந்த பிறகு தாய்வழி உறவினர்களிடம் இருந்த குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்தது. இரண்டிலும் பார்த்தது ஒன்றைத்தான்: குழந்தைக்கு எது நல்லது.

விபத்து இழப்பீட்டில் பிள்ளையின் பங்கு பிள்ளையினுடையது. அது பிள்ளை பெயரில் வைப்புத் தொகையாக இருக்க வேண்டும். வளர்ப்பவர் யாராக இருந்தாலும் அதைத் தம் கடனுக்கு எடுக்க உரிமை கிடையாது. பட்டாசு ஆலை விபத்துகளில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்து, மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதி ஒதுக்கப்பட்டது. பிள்ளையை வைத்திருப்பவர் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

செய்யவே கூடாதவை

மனு போட்டுவிட்டோம் என்று பணம் கட்டுவதை நிறுத்தாதீர்கள். புது உத்தரவு வரும்வரை பழையது உயிரோடுதான் இருக்கும், பாக்கி ஏறிக்கொண்டே போகும். முழுத் தொகை முடியாவிட்டால் முடிந்ததை வங்கி வழியாகச் செலுத்துங்கள். பாக்கிக்காக நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கலாம், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போனதால் கடன் தீராது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்க வேண்டியவரும் கவனமாக இருக்க வேண்டும். இந்த வாரண்ட் வழிக்கு, பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும்.

பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுக்காதீர்கள். பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தாதீர்கள். இவை இரண்டும் தனித்தனி உத்தரவுகள். இரண்டும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை.

ஊர்ப் பெரியவர்கள், சொந்தக்காரர்கள் முன்னிலையில் பேசி முடித்தது நல்லதுதான். அதோடு விட்டுவிடாமல் அதைக் கூட்டு மனுவாக எழுதி நீதிமன்றத்தில் பதிவுசெய்யுங்கள். வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளை அது நிற்காது.

அடிக்கடி வரும் கேள்விகள்

*மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, இனி பிள்ளைக்கு எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனிக் கேட்க முடியாதா?*
உங்களுக்கான உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. பிள்ளையின் பெயரில் கேட்கலாம்.

*நான் மறுமணம் செய்துகொண்டேன். பிள்ளைக்கு வரும் பணம் நின்றுவிடுமா?*
உங்களுக்கு வரும் ஜீவனாம்சம் நிற்கும். பிள்ளையின் தொகை நிற்காது. பெற்ற தந்தை தந்தைதான்.

*தாய்க்கும் வருமானம் இருக்கிறது. தந்தை ஏன் தர வேண்டும்?*
இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி பிள்ளையைப் பராமரிக்கும் கடமை இருவருக்கும் உண்டு. தாயின் வருமானத்தைக் காட்டிப் பங்கைச் சரிசெய்யச் சொல்லலாம், கடமையிலிருந்து விலக முடியாது. இந்தச் சட்டத்தின்படி, தன்னைக் காத்துக்கொள்ள வருமானமில்லாத மகளுக்கு, 18 வயது கடந்தாலும், திருமணமாகும்வரை பராமரிப்புக் கேட்க உரிமை உண்டு.

*வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே?*
1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. ஆலைத் தொழிலாளர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, உங்கள் தாலுகா நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இனி ஒப்பந்தம் எழுதுபவர்களுக்கு

இப்போதுதான் பிரிகிறீர்கள் என்றால், பின்னாளில் வரப்போகும் வழக்கை இன்றே பாதி குறைக்கலாம். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் தொகை கூடும் என்று எழுதுங்கள். பள்ளி மாறும்போது கட்டணத்தை எப்படிப் பகிர்வது, பெரிய மருத்துவச் செலவு வந்தால் யார் எவ்வளவு, தீபாவளியும் பொங்கலும் யாருடன், ஊர் மாறினால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்றெல்லாம் குறித்துவையுங்கள்.

கணவன் மனைவி உறவை நீதிமன்றம் முடித்துவைக்கலாம். அப்பா அம்மா என்ற பொறுப்பை எந்தத் தீர்ப்பும் முடித்துவைப்பதில்லை. பிள்ளை வளர வளர அதன் தேவை மாறும், உங்கள் நிலையும் மாறும். மாறியதை மறைக்காமல், ரசீதோடும் ஆதாரத்தோடும் நீதிமன்றத்தில் போய்ச் சொல்லுங்கள். பிள்ளைக்காக மறுபடியும் நீதிமன்றப் படி ஏறுவதில் அவமானம் எதுவும் இல்லை.